வராதவர் குடித்தவர்

மார்ச் 4, செவ்வாய்

மாதாந்திரக் கூட்டம். நான்கு துறைகள், ஒரு மேசை, பதினொரு பிஸ்கட். பன்னிரண்டாவதை வரும் வழியிலேயே நான் தின்றுவிட்டேன். கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை.

நோட்டு புதிது. அதனால் ஆட்களை மறுபடி எழுதி வைக்கிறேன். வயதாகிறது, அடுத்த வருடம் எடுத்துப் பார்த்து, யார் இந்த எலியார் என்று நானே கேட்பேன்.

எலியார்: மருந்தியல் பேராசிரியர். குடியை நிறுத்த உதவும் அந்தப் புது மாத்திரையைக் கண்டுபிடித்த மகான். அவருடைய எலிகள் அத்தனையும் சாராயத் தண்ணீரைத் தொடுவதில்லையாம். அதைச் சொல்லும்போது, பிள்ளை கலெக்டரான தகப்பன் முகம்.

மனசு டாக்டர்: மனநல மருத்துவர், ஆய்வின் தலைவர். "அது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று எல்லாரையும் கேட்பார். பதிலுக்குக் காத்திருந்து யாரும் பார்த்ததில்லை.

சராசரி: புள்ளியியல் அம்மாள். அவருக்கு ஒன்றேமுக்கால் பிள்ளைகள் என்று சொன்னால் நம்பிவிடுவேன்.

வளையல்காரர்: பொறியாளர். மணிக்கட்டில் மாட்டும் ஒரு வளையம் செய்திருக்கிறார். நாடியையும் வியர்வையையும் அளந்து, ஒருவனுக்குக் குடிக்கத் தோன்றும் கணத்தைப் பிடித்துவிடுமாம். தன் மனைவி தன்மேல் கோபமாக இருப்பதைப் பிடிக்க அவருக்கு எட்டு மாதம் ஆனது என்பது வேறு கதை.

நான்: ஒருங்கிணைப்பாளர். ஒருவரோடு ஒருவர் பேசாத நால்வரை ஒரே அறையில் உட்காரவைத்து, அவர்கள் பேசிக்கொண்டதாக எழுதும் உத்தியோகம். கதை எழுதுபவர்களுக்குப் பரிசு தருகிறார்கள். எனக்குப் படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை தந்திருக்கிறார்கள்.

இன்றைய சண்டை: மாத்திரை சாப்பிடும் எண்பது பேரும் செவ்வாய், வெள்ளி பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் வந்து, ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். குடித்தாரா இல்லையா என்று கருவி சொல்லும். சரி. வராதவரை என்னவென்று எழுதுவது?

"வராதவங்கள விட்டுடலாம். என் எலிகள்ல இந்தப் பிரச்சினையே வந்ததில்ல" என்றார் எலியார். வராமல் இருப்பதும் ஒரு பேச்சுதான் என்றார் மனசு டாக்டர். வளையம் எல்லாவற்றையும் சொல்லும் என்றார் வளையல்காரர். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார் சராசரி. இரண்டு மணி நாற்பது நிமிடம். எனக்குப் பசி. வாயைக் கொடுத்தேன்.

"வராதவங்க எல்லாம் குடிச்சவங்கன்னு போட்டுட்டா என்ன சார்? வேற எங்க போயிருக்கப் போறாங்க?"

எலியார் தலையாட்டினார். மனசு டாக்டர் தலையாட்டினார். வளையல்காரர் ஏற்கெனவே பையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மத்த இடங்கள்லயும் அப்படிச் செய்யறது உண்டுதான்," என்று இழுத்தார் சராசரி. "ஆனா—"

ஃபைலை மூடிவிட்டேன்.

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. தம்பி கொடுத்த இருபது வருடப் பயிற்சி. "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் வராத ஒவ்வொரு முறையும் அவன் இருந்த இடம் ஒன்றுதான். இப்போது அது விஞ்ஞானம்.

மார்ச் 5, புதன்

குறிப்பை அனுப்பினேன். நால்வரும் ஒரே நாளில் ஒப்புக்கொண்ட முதல் தீர்மானம். "வராதவர் குடித்தவராகக் கொள்ளப்படுவார்." என் வாக்கியம்! கண்ணாடியில் பார்த்தால் கழுத்து அரை அங்குலம் நீண்டிருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

ஆய்வில் சேர்ந்தவர்கள் எழுதிய கேள்வித்தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும். யார் எவர் என்று நமக்குத் தெரியக் கூடாதாம்.

41-ஆம் எண் தாள். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. எங்கேயோ பார்த்த நடை.

குடியால் உங்களுக்கு நேர்ந்த அவமானம் ஒன்றைக் குறிப்பிடுக. — "அக்கா பொண்ணு கல்யாணம். ஐஸ்கிரீம் மேசை."

நாற்காலியில் அப்படியே பின்னுக்குச் சாய்ந்துவிட்டேன். இருநூறு கிண்ணம் ஐஸ்கிரீமோடு மேசையைச் சாய்த்துக்கொண்டு விழுந்தவன். சம்பந்தி வீட்டார் முன்னால், நெற்றியில் பிஸ்தா நிறம் வழிய எழுந்து நின்று, எல்லாருக்கும் வணக்கம் சொன்னவன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். மூன்று வருடம் ஆகிறது.

உங்கள்மேல் நம்பிக்கை வைத்திருப்பவர் யார்? — "அக்கா (முன்பு)."

அடைப்புக்குறி வேறு! பள்ளிக்கூடத்தில் ஒரு கால்புள்ளி வைக்கத் தெரியாதவன்.

ஊரில் இருக்கும் ஆய்வையெல்லாம் விட்டுவிட்டு என் ஆய்வில்தான் வந்து விழ வேண்டுமா? நான் இங்கே இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தே வந்திருக்கிறான். இல்லை, தெரியாமலா?

விதி இருக்கிறது: உறவினர் யாராவது சேர்ந்திருந்தால் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை சொல்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லவில்லை. எலியாருக்குப் பிறந்தநாள். கேக் வெட்டும்போது "என் தம்பி ஒரு குடிகாரன்" என்று எப்படி ஆரம்பிப்பது? அவன் இன்றைக்கு வந்து ஊதினான் போலிருக்கிறது. 41: சுத்தம். நான் கேன்டீனில் ஒளிந்துகொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் சமோசா தட்டுக்குப் பின்னால்.

ஏப்ரல் 8, செவ்வாய்

41 வரவில்லை. போன வெள்ளியும் வரவில்லை.

கட்டத்தில் "குடித்தார்" என்று நானே தட்டினேன். உண்மையைச் சொன்னால், ஒரு திருப்தி. ஐந்து வாரம் தாங்கினான். நான் மூன்று என்று நினைத்திருந்தேன்.

இனி தலைவரிடம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவனே நின்றுவிட்டானே.

ஏப்ரல் 9, புதன்

சாயங்காலம் அவனிடமிருந்து போன். எடுக்கவில்லை. என்ன சொல்வான் என்று எனக்கு மனப்பாடம். "அக்கா, இதான் கடைசி."

ஏப்ரல் 25, வெள்ளி

நர்ஸ் வந்து என் அறை வாசலில் நின்றார். மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் இருப்பவர். நல்ல பெண்மணி, ஆனால் நாம் பரபரப்பாக இருக்கும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது தோன்றும்.

"மேடம், கொஞ்சம் பேர் வேலைக்குப் போக ஆரம்பிச்சிருக்காங்க. பதினோரு மணிக்கு வர முடியலன்னு சொல்றாங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் தொறந்து வச்சா—"

"அது அஜெண்டாவுல இல்ல சிஸ்டர்."

"அஜெண்டாவுல எப்படிப் போடறது?"

"துறைத் தலைவர் எழுத்துல தரணும்."

"எனக்கு யாரு துறைத் தலைவர்?"

நல்ல கேள்வி. அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த "அப்புறம் பார்க்கலாம்" சொல்லும்போது மனசு டாக்டர் மாதிரியே தலையைச் சாய்த்தேன். தொற்றுநோய்.

மே 6, செவ்வாய்

வளையல்காரரின் திருநாள். வளையத்தின் கோடுகளைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டினார். வராமல் போனவர்களும் வளையத்தை மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அது பாட்டுக்குச் சேதி அனுப்புகிறது.

"41-ஆம் எண்ணைப் பாருங்க. தினமும் காலைல அஞ்சு மணிக்கு நாடி எகிறுது, வியர்வை கொட்டுது. ஏழரை வரைக்கும் அப்படியே. தீவிரமான ஏக்கம்! இவ்வளவு அழகான ஏக்கத்த நான் பாத்ததே இல்ல."

"பாவம்," என்றார் மனசு டாக்டர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "விடியற்காலைல குடிக்கற ஸ்டேஜ்."

விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட்டானா? நான் குறிப்பை எழுதிக்கொண்டே இருந்தேன். நான்கு படித்தவர்கள் என் தம்பியின் வியர்வையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்குத் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது எலியார் புலம்பல்: "நம்ம ஆளுங்க வாரத்துல ரெண்டு நாள் வரதுக்கு அழறாங்க. என் லேபுக்கு உலர் பனிக்கட்டி கொண்டு வரான் ஒருத்தன், செவ்வாய், வெள்ளி, காலைல ஏழு மணி. ஒரு நாள் தவறினதில்ல. அந்த மாதிரி ஒழுங்கு வேணும்மா!"

எனக்குக் கொட்டாவி வந்தது.

மே 23, வெள்ளி

மறுபடி தம்பி போன். அடித்து அடித்து நின்றது. வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஒரு தடவ எடுத்தாத்தான் என்ன?" என்றார். இந்த மனிதர் வருடத்துக்கு நான்கு வாக்கியம் பேசுவார். அதில் ஒன்றை அவனுக்காகச் செலவழித்துவிட்டார்.

எடுக்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பாதி வழிக் கணக்கு. எண்பது பேரில் நாற்பது பேருக்கு ஏ பொட்டலம், நாற்பது பேருக்கு பி. ஒன்றில் மாத்திரை, மற்றதில் மாத்திரை மாதிரி இருக்கும் வெறும் மாவு. எது எது என்று வெளியிலிருந்து கண்காணிக்கும் குழுவுக்கு மட்டும்தான் தெரியும்.

குடித்தவர்கள் (எல்லாரும் வராதவர்கள்): ஏ பொட்டலத்தில் இருபத்து நான்கு. பி-யில் பதினொன்று.

எலியார் மெதுவாகக் கேட்டார்: "என்னுது பி-தானே? பி-யாத்தான் இருக்கணும்."

ஜூன் 12, வியாழன்

ஏ-தான் மாத்திரை. கண்காணிப்புக் குழு கடிதம் அனுப்பியிருக்கிறது. மாவு தின்றவர்களை விட மாத்திரை தின்றவர்கள் இரண்டு மடங்கு குடிக்கிறார்கள். ஆகவே பதினேழாம் தேதி நேரில் வந்து ஆய்வை நிறுத்துவார்கள். மாத்திரை அன்றே திரும்பப் பெறப்படும்.

எலியார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மனசு டாக்டர் இது மருந்தின் தோல்வி என்றார். வளையல்காரர் வளையம் மட்டும் வெற்றி என்று தனியாக ஒரு கட்டுரை எழுதப்போகிறாராம். பிணம் எடுக்கும் முன்பே பீரோ சாவியைத் தேடுகிற கூட்டம்.

எனக்கென்ன? அடுத்த ஆய்வு வரும், அடுத்த பிஸ்கட் வரும்.

ஜூன் 13, வெள்ளி

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

குழு வரும் முன் ஃபைல்களை அடுக்க வேண்டுமென்று காலை ஏழுக்கே போனேன். முன்வாசல் பூட்டு. பின்பக்கமாகச் சுற்றினேன். எலியார் லேப் வாசலில் ஒரு சிறு லாரி. நீலச் சட்டை போட்ட ஒருவன், புகை கசியும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளில் தூக்கி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தான். வியர்வை கொட்டுகிறது. மணிக்கட்டில் வளையம்.

திரும்பினான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மூன்று வருடம் கழித்துத் தம்பியைப் பார்த்த அக்கா சொன்ன முதல் வார்த்தை — "ஊது."

அவன் சிரித்தான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே, பிறந்தநாள் மெழுகுவர்த்தி அணைப்பது மாதிரி ஊதினான். பற்பசை வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"பாசாயிட்டேனா?"

"இங்க என்னடா பண்றே?"

"வேலைக்கா. பனிக்கட்டி கம்பெனி. ஏப்ரல்லேருந்து. காலைல அஞ்சுலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்."

"ஏன்டா சொல்லல?"

"போன் பண்ணேனே. வேலைல சேந்த மறு வாரம். அப்புறம் முதல் சம்பளம் வந்தப்போ. நீதான் எடுக்கல."

ஏப்ரல் 9. மே 23.

"என் ரூம் வரைக்கும் வந்திருக்கலாமில்ல? வாரத்துக்கு ரெண்டு தடவ இங்கதான வரே!"

"உன் ஆபீஸ் முன்பக்கம். எனக்குப் பின்வாசல். அதோட உன் ஆளுங்க முன்னாடி வந்து நின்னா நீ சங்கடப்படுவியே."

சங்கடப்பட்டிருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வந்திருக்கிறான். நான் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் தட்டியிருக்கிறேன்: குடித்தார். குடித்தார். குடித்தார். இருபது முறை. எண்ணிப் பார்த்தேன். எலியார் இருபது முறை இவனிடம் ரசீதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அழகான ஏக்கமாம்! பெட்டி தூக்கினால் கழுதைக்கும் வேர்க்கும்டா, உங்க மூஞ்சிக்கு!

மாத்திரை நிற்கப்போகிறது என்று சொன்னேன். அவன் முகம் அப்போதுதான் மாறியது.

"என்கிட்ட ஒம்போது இருக்கு. அது இல்லாம நிக்க முடியுமான்னு சோதிச்சுப் பாக்க எனக்கு ஆசை இல்லக்கா."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவன் போய்விட்டான். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எலிகள் சக்கரம் சுற்றும் சத்தம்.

ஜூன் 13, அதே நாள், மாலை

நர்ஸைத் தேடிப் போனேன். மாத்திரை ஜன்னலுக்குப் பின்னால் பஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், வராம போனவங்க மாத்திரை வாங்கறாங்களா?"

"வாங்கறாங்களே. மாத்திரை எப்ப வேணா வாங்கலாம், அதுக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. பதிவேடு இங்க இருக்கு."

"அத மேல யாரும் பாக்கலயா?"

"அது மருந்தகப் பதிவேடு. நீங்க வச்சிருக்கறது வருகைப் பதிவேடு. வேற வேற மாடி, மேடம்."

பிறகு இழுப்பறையிலிருந்து பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரையும் அங்கேயே ஊதச் சொல்லி, தேதியோடு அளவும் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில், வராததற்குக் காரணம். 41: பனிக்கட்டி. 17: பள்ளிக்கூட வேன். 63: இரண்டாவது ஷிப்ட். 8: தச்சு வேலை. 29: "மறுபடி குடிக்கிறார், அழுதார்."

"ஏன் சிஸ்டர் இதச் சொல்லல?"

"சொல்ல வந்தேனே."

அவ்வளவுதான் சொன்னார். குத்திக்காட்டக்கூட இல்லை. குத்திக்காட்டியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பேசாமல் இருந்தால் ஆய்வு நிற்கும், மாத்திரை போகும், என் வேலை இருக்கும். பேசினால், "41 யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி வரும். மார்ச்சிலிருந்து தெரியும், மறைத்தேன், என் கையாலேயே தட்டினேன் என்று சொல்ல வேண்டும். விதியே என்னுடையது, பசியில் பிறந்தது என்பதையும் சேர்த்து.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். அபூர்வக் காட்சி.

"அவங்கள எல்லாம் நாலு வருஷமா கிழிகிழின்னு கிழிச்சியே," என்றார். "நீயும் அஞ்சாவது துறைதானா?"

இந்த வருடத்தின் இன்னும் இரண்டு வாக்கியம் காலி. இரண்டும் என் மேலேயே.

ஜூன் 17, செவ்வாய்

வெளிக்குழுவிலிருந்து மூன்று பேர். வழுக்கை ஒருவர் தலைமை. என் இடம் மேசை ஓரம், பிஸ்கட் பக்கம்.

வழுக்கை கடிதத்தைப் படித்து முடித்தார். மனசு டாக்டர் பேனாவைத் திறந்தார், நிறுத்துவதற்கான கையெழுத்து.

"சார், ஒரு நிமிஷம்," என்றேன்.

"மேடம், நீங்க குறிப்பு எழுதுங்க."

"எழுதிட்டேன் சார். மார்ச்லேருந்து தப்பா எழுதிட்டேன்."

பிறகு கொட்டிவிட்டேன். பசி. ஐஸ்கிரீம் மேசை. பின்வாசல். என் குரல் ஒரு மாதிரி கீச்சென்று போனது. எலியாரின் எலி கூட இதைவிட கௌரவமாகக் கத்தும். நர்ஸை உள்ளே கூப்பிட்டேன். பச்சை நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இவங்க எந்தத் துறை?" என்று கேட்டார் வழுக்கை.

"நர்ஸ் சார்."

"அது துறை இல்லையே."

"அதனாலதான் சார் இவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்தில் நான் சொல்லி எடுபட்ட இரண்டாவது வாக்கியம் இது. முதல் வாக்கியத்தை விட நன்றாக இருந்தது.

மனசு டாக்டர் முகம் சிவந்து, "மறைச்சது பெரிய தப்பு மேடம்" என்றார். தப்புதான். "அது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் இன்று கேட்கவில்லை. வளையல்காரர், வளையம் அளந்தது சரி, விளக்கம்தான் கொஞ்சம் முன்னே பின்னே என்றார். ஏக்கத்துக்கும் பெட்டி தூக்குவதற்கும் நடுவே இருக்கும் தூரம் கொஞ்சமாம்.

சராசரி மட்டும் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"குணமானவனுக்கு வேலை கெடைக்குது. வேலை கெடச்சவன் பகல் பதினோரு மணிக்கு வர மாட்டான். நாம அவனக் குடிச்சவன்னு போட்டிருக்கோம். மருந்து எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ அவ்வளவு மோசமாத் தெரியும். மார்ச்ல நான் 'ஆனா'ன்னு ஆரம்பிச்சேன். மேடம் ஃபைல மூடிட்டாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

எலியார் ஐந்து நாளாகப் பேசாதவர். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னார்: "என் எலிங்க ஒரு நாளும் வராம இருந்ததில்ல. எப்படி வராம இருக்கும். கூண்டுல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நானும்.

நிறுத்தும் உத்தரவைத் தள்ளிவைத்தார்கள். மூன்று வாரம். வராத முப்பத்தைந்து பேரையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மாத்திரை அதுவரை தொடரும்.

ஜூன் 18, புதன்

என்னை ஆய்விலிருந்து விலக்கிவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பழைய ஃபைல்களுக்கு எண் போடும் வேலை. ஃபைல்கள் எங்கும் போகாது. எலிகள் மாதிரி.

உத்தரவை மனசு டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார். வாசலில் நின்று, "உங்க தம்பி எப்படி இருக்கார்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குப் பழக்கமில்லாததால் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சராசரி கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து சொன்னார். வர வேண்டிய அவசியமில்லை, வந்தார்.

ஏ பொட்டலத்தில் வராத இருபத்து நான்கு பேரில் பதினாறு பேர் வேலையில், குடியில்லாமல். மூவரைக் காணவில்லை. ஐவர் குடிக்கிறார்கள். பி-யில் வராத பதினொருவரில் மூவர் வேலையில், எட்டுப் பேர் குடியில்.

"அப்ப மாத்திரை வேலை செய்யுதா?"

"அப்படிச் சொல்ல இன்னும் நாள் ஆகும். நிறுத்தறதுக்குக் காரணம் இல்லைன்னு மட்டும் சொல்லலாம்." பிறகு தயங்கி, "பதினாறுன்னு சொன்னேன். பதினஞ்சுதான். உறவுங்கறதால 41-ஐ எடுத்துட்டோம்."

ஆய்வு தொடரும். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை திறப்பார்கள். கூட்டத்தில் நர்ஸுக்கு ஒரு நாற்காலி. வளையல்காரர் முதல் நாளே அதில் தெரியாமல் உட்கார்ந்து எழுந்தாராம்.

ஜூலை 9, புதன்

தம்பிக்கு நானே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். என்னைப் போல அற்ப புத்தி இல்லாதவன்.

"அப்ப நான் குடிச்சேனா, குடிக்கலயா? என்ன போட்டிருக்காங்க?"

"ஒண்ணும் போடல. நீ ஆய்வுலயே இல்ல. என்னால எடுத்துட்டாங்க."

போனில் ஒரு பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம்.

"மாத்திரை?"

"அது உண்டு. சாதாரண நோயாளியா வந்து வாங்கிக்கலாம். எழுதிக் கொடுத்துட்டாங்க."

"அப்ப சரி," என்றான். "கணக்குல இல்லாட்டி என்னக்கா. எனக்குப் பழக்கம்தான்."

இவனுக்குக் கிண்டல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உறவினர்கள் உட்காரும் பெஞ்சில் இருந்து எழுதுகிறேன். மாலை. வரிசையில் பதினெட்டுப் பேர், பாதிப் பேர் வேலைச் சட்டையோடு. மரத்தூள், கிரீஸ், பிசின் வாசனை. எலியார் வரிசை ஓரமாக நின்று ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், கூண்டு இல்லாத பிராணிகளை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி. ஒரு தச்சர் அவரிடம், "சார், வரிசைல நிக்கறீங்களா?" என்று கேட்டார். "இல்ல இல்ல" என்று பின்வாங்கினார். ஏன், நின்று ஊதினால் என்ன குறைந்துவிடும்?

நர்ஸ் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். குறிப்பில் ஏற்றவும்.

மணி ஏழே முக்கால். வெளியூர் லோடு முடித்து, ஏழுக்கு மாத்திரை வாங்க வருகிறேன் என்று சொல்லியிருந்தான். ஜன்னலை எட்டுக்கு மூடிவிடுவார்கள்.

தம்பி வரவில்லை.

லாரி எங்காவது மாட்டியிருக்கும்.